சட்டை மாட்டும் ஆணி

ஆம்பூரில் எங்கள் தெருவில் கிறிஸ்துமஸுக்கு முன்னால் எல்லா வீட்டுக்கும் சுண்ணாம்பு அடிப்போம். கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் அன்றைக்குத் தெருவில் கிடக்கும். சுவர் காய்ந்ததும் மற்றவர்கள் பழைய இடத்திலேயே வைப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. ஒவ்வொன்றையும் வேறு மூலைக்குத் தள்ளுவேன். இருப்பது ஒரே அறை. வருஷத்துக்கு ஒருமுறை அதையே புது வீடாக்கிப் பார்க்கிற ஆசை.

இதில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரு விளையாட்டு. அவருக்கு டேனரியில் தோல் தரம் பிரிக்கிற வேலை. ஆட்டுத்தோலில் உண்ணி கடித்த தடம்கூட அவர் கண்ணுக்குத் தப்பாது. வேலை முடிந்து வந்து, வாசற்படியில் நின்றபடியே, நான் மாற்றியதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். ஒரு வருஷமும் நான் ஜெயித்ததில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம், இந்தத் தடவை விடக்கூடாது என்று, அவர் சட்டை மாட்டும் ஆணியைக்கூடப் பிடுங்கி எதிர்ச்சுவரில் அடித்தேன். வந்தார். நின்றார்.

"சூப்பரா கீதும்மா."

"இன்னா மாத்தினேன், சொல்லுங்க."

"எல்லாந்தான்."

சுள்ளென்று கோபம் வந்தது எனக்கு. நாள் முழுக்க இடுப்பொடிய இழுத்து வைத்தவள் நான். "சொல்ல இஷ்டமில்லன்னா போங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் சட்டையைக் கழற்றிப் பழைய சுவரில் மாட்டினார். அது தரையில் விழுந்தது. நடிக்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். பாவி, சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வெறும் சுவரைத் தடவித் தடவி ஆணியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"எத்தினி நாளா?" என்று கேட்டேன்.

"ஆறு மாசமா பார்வை கம்மியாயினே வருது. சர்க்கரைதான். தோலத் தொட்டுப் பாத்தே பிரிச்சிடறேன். வெளிய சொல்லிடாத, வேலை பூடும்."

அப்போதே எல்லாவற்றையும் பழைய இடத்துக்கு இழுத்தேன். ஆணியையும். யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆனாலும் ஈஸ்டருக்குள் தெரிந்துவிட்டது. வேலை போயிற்று. கொஞ்சம் இருந்த பார்வையும் மழைக்காலத்துக்குள் போயிற்று.

அடுத்த கிறிஸ்துமஸுக்கும் சுண்ணாம்பு அடித்தோம். இந்த முறை சாண் போட்டு அளந்து, ஒரு விரல்கூட நகராமல், இருந்த இடத்திலேயே எல்லாம் வைத்தேன். பக்கத்து வீட்டில் உட்கார வைத்திருந்தவரைக் கூட்டிவந்தேன். வாசற்படியில் என் கையை விட்டுவிட்டு, அந்தக் காலம் மாதிரியே நின்றார்.

"பீரோவ ஜன்னலாண்ட தள்ளிட்ட. கட்டில் வாசப்பக்கம். கரெக்டா?"

"கரெக்டுங்க. எப்டித்தான் கண்டுபுடிக்கிறீங்களோ!" என்றேன்.

அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே நேராக நடந்து போய், எதையும் தடவாமல், அதே பழைய ஆணியில் மாட்டினார்.