வசந்தி அக்கா அழித்த வரிகள்

1. மூன்று விடைகள்

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில், லண்டன் இல்ஃபோர்ட்டில் ஒரு புடவைக்கடைக்கு மேலே இருந்த அறையில், சனிக்கிழமைகளில் பல்கலைக்கழகப் புகுமுக ஏ லெவல் பௌதிகம் படிப்பித்தேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. படிக்க வந்தவர்களில் ஒருவர் மட்டும் என்னைவிட மூத்தவர்: பக்கத்து ஊரான குட்மேய்ஸில் இருந்த வசந்தி அக்கா. முப்பத்திரண்டு வயது. பகலில் சாண்ட்விச் ஃபாக்டரியில் ஷிப்ட், பின்னேரம் கல்லூரி வகுப்பு. எக்ஸ்ரே எடுக்கும் ரேடியோகிராபி படிக்க விரும்பினார். அதற்குப் பௌதிகப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும்.

முதல் நாள் மூன்று கணக்குக் கொடுத்தேன். ஒன்று, சாய்தளத்தில் வழுக்கும் பெட்டி. இரண்டு, அரைவாழ்வுக்காலம். மூன்று, காந்தப்புலத்தில் வட்டமாகச் சுற்றும் இலத்திரன். இருபது நிமிடத்தில் கொப்பியை நீட்டினார். மூன்று விடைகளும் சரி. வேறு ஒரு வரியும் இல்லை.

"செய்த வழி எங்கை அக்கா?"

"அழிச்சுப்போட்டன்."

"ஏன்?"

"விடை வந்திட்டுதே. பிறகென்னத்துக்கு அது இடத்தைப் பிடிச்சுக்கொண்டு கிடக்குது?"

தாளை வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரே இடத்தில் மூன்று கணக்குகளின் பென்சில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. யாழ்ப்பாணத்தில் யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது கொப்பி அருமை. பென்சிலால் செய்வது, விடையை மட்டும் பேனையால் எழுதுவது, மற்றதை அழித்துவிட்டு அதே இடத்தில் அடுத்த கணக்கைத் தொடங்குவது. "ஒரு கொப்பியிலை ஒரு வருசம் ஓட்டினனான் டீச்சர்" என்றார் பெருமையாக.

இங்கே வழிக்குத்தான் அதிக புள்ளி என்று ஒவ்வொரு கிழமையும் சொன்னேன். "ஓம் ஓம்" என்பார். சொல்லிக்கொண்டே அழிப்பார்.

2. ஐந்து தாள்கள்

கல்லூரியின் மாதிரிச் சோதனையில் பிரச்சினை வந்தது. விடைகள் மட்டும் இருந்த தாளைப் பார்த்த ஆசிரியர், பார்த்தெழுதியதாகச் சந்தேகப்பட்டார். தெளிவாகும்வரை பொதுப் பரீட்சைக்கு அக்காவின் பெயரை அனுப்பமாட்டேன் என்றார். பெயர் அனுப்ப வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

"களவு எண்டு வாயாலை சொல்லேல்லை, தங்கச்சி. முகத்திலை எழுதி ஒட்டியிருந்தது" என்றார் அக்கா.

வியாழக்கிழமை நானும் கூடப் போனேன். ஆசிரியரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: இப்போதே ஒரு புதுக்கணக்குச் சொல்லுங்கள். வினாடிக்கு இருபது மில்லியன் மீற்றர் வேகத்தில் போகும் இலத்திரன், காந்தப்புலம் இரண்டு மில்லிரெஸ்லா, பாதையின் ஆரை என்ன என்று கேட்டு, ஐந்து வெள்ளைத்தாள்களைத் தள்ளினார். வசந்தி அக்கா நான்கைத் திருப்பிக் கொடுத்தார். ஐந்தாவதை நாலாக மடித்து, ஒரு மூலையில் தொடங்கினார்.

விடை வந்ததும் கை அழிறப்பரைத் தேடியது. நான் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"அழிக்காதேங்கோ அக்கா."

"கை தன்பாட்டிலை போகுது. நான் என்ன செய்ய?" என்றவர், இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின்மேல் இருந்தார்.

ஆசிரியர் வரி வரியாகப் பார்த்தார். ஐந்து தசம் ஏழு சென்ரிமீற்றர். வேகம் இரட்டித்தால் என்ன நடக்கும் என்று கேட்டார். ஆரையும் இரட்டிக்கும் என்று அக்கா தன் ஆங்கிலத்தில் உடனே சொன்னார். ஆசிரியர் மன்னிப்புக் கேட்கவில்லை. விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்தார்.

3. வாசல்

பொதுப் பரீட்சையின் கடைசித் தாள் நாளில் நான் லீவு போட்டு மண்டப வாசலில் நின்றேன். பெடியள் கூட்டமாக, விடைகளைக் கத்தி ஒப்பிட்டபடி வெளியே வந்தார்கள். அக்கா கடைசியாகத் தனியே வந்தார்.

"எப்பிடி அக்கா?"

"ஒண்டையும் அழிக்கேல்லை." கொஞ்சத் தூரம் நடந்தபின் சொன்னார்: "ஊரிலை ஏ லெவல் முதல் தாள் எழுதினனான். ரெண்டாவது தாள் அண்டைக்கு விடியவே சண்டை வந்து எல்லாரும் ஊரை விட்டு வெளிக்கிட்டிட்டம். எனக்குப் பக்கத்து மேசை சுகந்தி. அவள் இப்ப எங்கையெண்டு தெரியாது. இண்டைக்குப் பெல் அடிச்ச உடனை திரும்பிப் பாத்தன். உனக்கு என்ன வந்ததெண்டு அவளைக் கேக்க."

"நாலாவது கேள்விக்கு என்ன வந்தது?" என்றேன்.

நின்று என்னைப் பார்த்தார். பிறகு விடையைச் சொன்னார். பஸ் வரும்வரை ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டேன். தனக்குச் சந்தேகமான இடத்தில் என்னோடு சண்டையும் பிடித்தார்.

ஆவணியில் சித்தி என்று வந்தது. அக்கா படிக்க வேறு நகரத்துக்குப் போய்விட்டார். புதிதாகப் படிப்பிக்க வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பரீட்சை முடியும் நேரத்துக்கு வாசலில் போய் நில்லுங்கள். எழுதிவிட்டு வருகிறவருக்குத் தன் விடையைச் சொல்லிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும்.