எச்சில் கல்

பூஜைக் கடையில் ஸ்படிக மாலையைத் தொட்டதும், தென்னூருக்கு அப்பால் ஒரு காலத்தில் இருந்த, இன்று வீடுகளுக்கு அடியில் போய்விட்ட கல் குவாரியின் ஈரப் புழுதி வாசனை வந்தது. விடுமுறைதோறும் ஸ்ரீரங்கத்துப் பையன்கள் நாங்கள் அங்கே போய், ஆணியால் பாறை இடுக்கைக் குடைந்து, வெறும் வெள்ளை வெங்கச்சாங்கல்லை ஸ்படிகம் என்று பீற்றிக்கொள்வோம். அசட்டுக் கூட்டம், அதற்கு நான் தலைவன்.

நிஜ ஸ்படிகம், ஆறு பட்டையோடு, எங்களோடு வந்த காதருக்குத்தான் கிடைத்தது. அவன் அப்பா, அவனுக்கு அத்தா, கல் பட்டை தீட்டுபவர்.

"அத்தாகிட்ட காட்டணும்டா," என்றான்.

"கல்கண்டுடா அது. நக்கிப் பாரு," என்றேன்.

நக்கினான். "இனிக்கலியே. கல்லுதான்."

"எச்சில் பண்ணிட்டான்! யாரும் தொடாதேங்கோடா!" என்று கத்தி, குச்சியால் அவன் கையைத் தட்டினேன். கல் தெறித்து, குவாரியில் தேங்கிய தண்ணீருக்குள் போயிற்று. எல்லோரும் சிரித்தார்கள்.

அது நிஜம் என்று எனக்குத் தெரியும். எனக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். நீந்தத் தெரியாத காதர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு நீந்தத் தெரியும்.