ஊசிப்புல்லும் எங்கள் மணியும்

குன்னத்தில் எங்கள் வீட்டு முன்புறத்தில், வயல் வரப்பிலிருந்து கொண்டுவந்த ஊசிப்புல்லை அழகுக்காக நட்டிருந்தேன். கதிர்விட்டுக் காற்றில் ஆடும்போது பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும். எங்கள் நாய் மணி அதில்தான் புரண்டு விளையாடும்.

தை மாதம் கதிர்கள் காய்ந்திருந்தன. ஒரு நாள் காலை மணி சோற்றைத் தொடவில்லை. வாயில் எச்சில் ஒழுகியது. கிட்டே போனால் உறுமியது. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "வெறி புடிச்சிருச்சுங்க. புள்ளைங்க இருக்கற வூட்ல வச்சிக்காதீங்க, அடிச்சுடலாம்" என்றார்.

"ஊசி போட்ட நாய்தானே, டாக்டர் பாத்துட்டுச் சொல்லட்டும்" என்று என் கணவர் கால்நடை மருத்துவரை அழைத்துவந்தார். அவர் மயக்க ஊசி போட்டு, வாயைத் திறந்து, ஈறில் ஆழமாகக் குத்தியிருந்த புல் விதை ஒன்றை உருவி எடுத்தார்.

"வெறியெல்லாம் இல்லம்மா. வலி தாங்காமத்தான் உறுமியிருக்கு" என்றார். போன உயிர் திரும்பி வந்தது போல் இருந்தது. மறுநாள் மணி தட்டைக் காலி செய்த பிறகுதான் எனக்கும் சோறு இறங்கியது.

புல்லை நான் பிடுங்கவில்லை. இப்போதெல்லாம் கதிர் பச்சையாக இருக்கும்போதே அறுத்து, ஜாடியில் வைத்துவிடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு கொத்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர், மணியின் தலையைத் தடவிவிட்டுப் போனார்.