பலகைக்கு எழுதிய பாலிசி

"எங்க, ஊதுப்பா" என்று முகத்தை நீட்டுகிறார் சேக் இஸ்மாயில். நெல்பேட்டையில் அவருடைய மரப்பட்டறை வாசலில் தினமும் காலை எட்டு மணிக்கு நடக்கிற காரியம் இது. வேலைக்கு வருகிற ஏழு பேரும் ஒவ்வொருவராக அவர் மூக்குக்கு நேரே வாயை ஊதிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். பீடி நாற்றம் அடித்தால் மடியைத் தடவிப் பார்ப்பார். தீப்பெட்டி அகப்பட்டால் வாசல் தொட்டித் தண்ணீரில் முக்கி எடுத்து அவன் கையிலேயே கொடுத்துவிடுவார். "கோவிச்சுக்காத மாப்ள. மரம் எது, மனுசன் எதுன்னு தீக்குத் தெரியாது."

ஐம்பத்து மூன்று வயது. ஒல்லியான உடம்பு, காதில் செருகிய பென்சில், புருவத்தில் எப்போதும் மரத்தூள். பேசிக்கொண்டே இருப்பார், திடீரென்று பாதியில் நிறுத்தி மூக்கை உறிஞ்சுவார். பக்கத்து வீட்டில் மிளகாய் தாளித்திருப்பார்கள். அதையும் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் விட்ட வாக்கியம் முடியும். "எங்க வீட்டு அடுப்பைக்கூட அவுக நம்புறதில்ல" என்பார் அவர் மனைவி மைதீன் பீவி. சிரிப்பதற்காகச் சொல்கிற பேச்சில்லை அது.

பத்து வயதில், தகப்பனாரின் பட்டறை எரிவதைத் தெருமுனையில் நின்று பார்த்தவர் இஸ்மாயில். அதற்குப் பிறகு தகப்பனார் அடுத்தவர் பட்டறைகளில் இழைப்புளி தள்ளியே காலத்தை ஓட்டினார். வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். மகனிடம்கூடப் பேச்சில்லை. "மரத்த மட்டுமா தின்னுச்சு அந்தத் தீ" என்று இஸ்மாயில் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும்.

அதனால், நாலு வருஷத்துக்கு முன்னால் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு வெள்ளைத்துரை சைக்கிளை வாசலில் சாய்த்தபோது, மற்றக் கடைக்காரர்களைப் போல இஸ்மாயில் அவரைத் துரத்தவில்லை. முக்காலியைத் துடைத்துப் போட்டார். ஏஜெண்டு தோல்பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து, அறுத்து அடுக்கிய தேக்குப் பலகைமேல் விரித்தார்.

"இது தீக்கு, பாய். பட்டறை, மரம், மோட்டார் எல்லாம் இதுல அடக்கம். அது ஆளுகளுக்கு. வேலையில கை கால் போச்சுன்னா கம்பெனி குடுக்கும். நீங்க கரண்டு ரம்பம் வேற வச்சிருக்கீங்க. சட்டப்படி நீங்கதான் பொறுப்பு."

"ரெண்டுக்கும் சேத்துக் கட்ட நம்மால ஆகாதே தம்பி."

"அப்ப ஒண்ணு எடுங்க. எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

இஸ்மாயில் இரண்டு காகிதங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வட்ட ரம்பத்தின் பக்கம் திரும்பி, "சோணை, நீ சொல்லுப்பா" என்று கூப்பிட்டார்.

சோணை எழுமலைக்காரன். பதினாறு வருஷமாக அவரிடம் வேலை. கண்ணை மூடிக்கொண்டு பலகையைத் தடவி, எந்த இடத்தில் கணு இருக்கிறதென்று சொல்லிவிடுவான். மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தவன், விஷயத்தைக் கேட்டதும் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான்.

"இம்புட்டு வருசத்துல ஒரு கீறல் இருக்கா பாருங்க முதலாளி. தீக்கே எழுதுங்க. பட்டறை இருந்தாத்தான எங்களுக்குக் கஞ்சி."

இஸ்மாயில் முகம் தெளிந்தது. உடனே கையெழுத்துப் போட்டார். அந்தப் பதிலை வாங்கத்தான் அவனைக் கேட்டோம் என்பது, பேனாவை மூடும்போதே அவர் நெஞ்சுக்குத் தெரிந்திருந்தது.

மறு வருஷம் ஆவணியில் கல்யாணக் கட்டில்களுக்கு ஏகப்பட்ட கிராக்கி. புது மரம் போதாமல், பரவையில் இடித்த ஒரு வீட்டின் உத்தரங்களை வாங்கிப்போட்டார் இஸ்மாயில். அதில் ஒன்றின் உள்ளே ஆணி ஒன்று முறிந்து புதைந்திருந்தது. தடவிப் பார்த்த சோணையின் கைக்கும் அது தட்டுப்படவில்லை. ரம்பப் பல் ஆணியில் மோதியதும் உத்தரம் துள்ளித் திரும்பியது. மோட்டார் நிற்பதற்குள் வலக்கையில் நாலு விரல்கள் போய்விட்டன. கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

ஜட்கா வண்டியில் பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம், தன் தோள்துண்டால் சுற்றிய அந்தக் கையை இஸ்மாயில் மடியில் வைத்துப் பிடித்திருந்தார். "பயப்படாத, பயப்படாத" என்று சொல்லிக்கொண்டே வந்தார். சோணை பயப்படவில்லை. "ஆணியப் பாக்காம விட்டேனே முதலாளி" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னான்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி மரத்தடியில் சோணையின் மனைவி சோலையம்மாள் அவரை நிறுத்தினாள். சத்தம் போடவில்லை. அழுது முடித்த குரல்.

"பலகைக்கெல்லாம் எழுதி வச்சிருந்தீகளாமே பாய். எங்க வீட்டுக்காரு அந்தப் பலகைய விட மட்டமா?"

இஸ்மாயில் வாயைத் திறந்தார். 'அவனைக் கேட்டுத்தானம்மா செய்தேன்' என்கிற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டார். அந்த ஒன்றைச் சொல்லாமல் இருந்ததற்காக மட்டும் இன்றைக்கும் அவர் தன்னைக் கொஞ்சம் மன்னிக்கிறார்.

அந்த மாதமே ரம்பத்தையும் மோட்டாரையும் விற்று, வந்ததை அப்படியே சோலையம்மாளிடம் சேர்த்தார். சோணைக்கு வாசல் காவல் என்று ஒரு வேலை கொடுத்தார். இப்போது பட்டறையில் கைரம்பம்தான். வெளியூர்ப் பெரிய வேலைகள் வேறு இடங்களுக்குப் போய்விட்டன. பட்டறை எரியவில்லை. ஒரு பொறிகூட விழவில்லை.

சென்ற மாதம் வெள்ளைத்துரை மறுபடி வந்தார். காகிதத்தை விரிப்பதற்கு முன்பே இஸ்மாயில் முந்திக்கொண்டார்.

"ஆளுகளுக்கு எழுதுங்க தம்பி."

"மோட்டாரே இல்லாத பட்டறைக்கு அது எதுக்கு பாய்? மரம் அம்புட்டு அடுக்கி வச்சிருக்கீங்க. தீப்பிடிச்சா?"

"பிடிக்கட்டும்."

வெள்ளைத்துரை அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு எழுதினார். வாசலில் உட்கார்ந்திருந்த சோணை இதையெல்லாம் கேட்டான். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மதியம் வேலையாட்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். சோலையம்மாள் துணியில் முடிந்து கொடுத்த தூக்குச்சட்டியை மடியில் வைத்து, சோணை குனிந்து பல்லால் முடிச்சைக் கடித்தான். ஈரத்துணி. முடிச்சு இறுகியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இஸ்மாயில் சட்டென்று கையை நீட்டினார். சோணை சட்டியை மறுபக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டு மறுபடி குனிந்தான்.

இஸ்மாயில் நீட்டிய வலக்கையை மெல்ல இழுத்து, தொடைக்கு அடியில் செருகி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். அவர் முன்னால் சோறு ஆறிக்கொண்டிருந்தது.