கோலிக்கு வந்த குளிர்காலம்

பாரூர் ஏரிக்கரைச் சவரிமுத்துவுக்கு மூன்று மகன்கள். மூத்தவன் அங்கேயே நெல்லும் கரும்புமாக நின்றுவிட்டான். கடைசிப் பையன் பெண் எடுத்த வீட்டோடு போய்விட்டான். நடுப்பிள்ளை இன்னாசிமுத்துதான் ஓசூருக்கு வந்து கம்பெனியில் சேர்ந்து, அன்னமேரியைக் கட்டி, ஒரே ஒரு பெண்ணைப் பெற்றான். அந்தப் பெண் ப்ரீதா இப்போது கஜகஸ்தானில் டாக்டருக்குப் படிக்கிறாள்.

போகும்போது ஒரு ஜீவனை அப்பன் தலையில் கட்டிவிட்டுப் போனாள். எலுமிச்சம்பழம் மாதிரி உருண்டையாக, சாம்பல் நிறத்தில், முதுகில் கறுப்புக் கோட்டோடு இருக்கும். வால் இருக்கிற இடமே தெரியாது. குட்டை ஹாம்ஸ்டர் என்று பெங்களூர்க் கடையில் குட்டியாக வாங்கியது. கோலி என்று பேர் வைத்தாள். ஊரே எலிக்கு மருந்து வைக்கிறது, நம் வீட்டில் எலிக்குச் சோறு வைக்கிறோம் என்று அன்னமேரி முனகுவாள். இன்னாசிமுத்துவோ ஷிப்ட் முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கூண்டண்டைதான் போவான். ராகியோ தினையோ ஒரு சிட்டிகை போட்டால் கோலி இரண்டு கன்னத்திலும் அடைத்துக்கொண்டு மூலைக்கு ஓடும். சவரிமுத்துவின் தங்கை லூர்து கல்யாண வீட்டில் லட்டை முந்தானையில் முடிந்துகொள்வாளே, அதே ஜாடை.

இந்த வருஷம் கோடையில் ப்ரீதா போன் செய்தாள். கூடப் படிக்கிறவர்களோடு ஊருக்கு வெளியே புல்வெளிக்குப் போயிருக்கிறாள்.

"அப்பா, நம்ம கோலிக்குச் சொந்த ஊரு இதுதாம்பா. இங்க புல்லுக்குள்ள வளை தோண்டிக்கிட்டுத் தானா திரியுது. பனிக்காலம் வந்தா உடம்பெல்லாம் வெள்ளையாயிடுமாம்." பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அது அங்க வெள்ளையாவட்டும். நான் கிறிஸ்மஸுக்கு வந்து நிக்கறன் பாரு."

அவள் சிரித்ததை இன்னாசிமுத்து கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டான்.

ஐப்பசி பிறந்தது. ஓசூர்க் குளிருக்குக் காது மூடிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறும் நாள் வந்தது. கோலி சாம்பலாகவே இருந்தது. பக்கத்து சீட்டு மாதேஷிடம் வாய்விட்டுச் சொல்லித் தொலைத்தான். கடைக்காரன் உனக்குச் சாயம் போகாத சரக்கைத் தள்ளிவிட்டான் அண்ணா என்று மாதேஷ் பஸ்ஸே சிரிக்கும்படி சொன்னான்.

அது நெஞ்சில் குத்தியது. ப்ரீதாவைக் கேட்டான். இந்தக் குட்டை ஜாதியில் மூன்று வகை என்றாள். பாலைவனத்து வகைக்குக் கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம், முதுகில் கோடு கிடையாது. மங்கோலியாப் பக்கத்து வகைக்கு மெல்லிய கோடு, அது இப்படிப் பஞ்சாக வெளுக்காது. தான் இருக்கிற ஊர் வகைக்குத்தான் தடித்த கோடு, உச்சந்தலையில் கறுப்புத் திட்டு, அதுதான் வெளுக்கிறது. கடைகளில் கடைசி இரண்டையும் கலந்துவிடுகிறார்கள், அப்படி மாற்றி ஜோடி சேர்த்தால் குட்டி பெருத்து, பெற முடியாமல் தாய் செத்தாலும் சாகும் என்றாள்.

இன்னாசிமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோலியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். கோடு மையால் இழுத்த மாதிரி தடித்திருந்தது. தலையில் திட்டும் இருந்தது. அப்புறம் ஏன் வெளுக்கவில்லை?

"நடு ரூம்ல லைட் எவ்ளோ நேரம்பா எரியுது?" என்று கேட்டாள் ப்ரீதா. "அதுக்குக் குளிரு முக்கியமில்ல. பகல் குறையணும். வெளிச்சம் இருக்கிற வரைக்கும் இன்னும் கோடைதான்னு நெனச்சிக்கும்."

கூண்டு நடு ரூமில்தான் இருந்தது. அந்த டியூப்லைட்டுக்குக் கீழேதான் அவள் நீட்டுக்குப் படித்தாள். அவள் போனதிலிருந்து பொழுது சாயும் முன்பே அதைப் போட்டுவிடுவான். தான் ஷிப்டில் இருந்தாலும் அன்னமேரி அணைக்கக் கூடாது. தெருமுனையில் திரும்பும்போது அந்த ஜன்னல் இருட்டாக இருந்தால் அவனுக்குக் கால் எழாது. இதை மகளிடம் எப்படிச் சொல்வது? கொஞ்ச நேரந்தாம்மா எரியுது என்று சொல்லிவைத்தான்.

மறுநாள் பொழுது சாய்ந்தது. விளக்கைப் போடவில்லை. கரண்ட் போய்விட்டதா என்று கேட்டபடி வந்த அன்னமேரியிடம் விஷயத்தைச் சொன்னான். எலிக்காக இருட்டில் உட்கார வேண்டுமா என்று கடிந்துகொண்டாள். ஆனாலும் சமையல்கட்டு வெளிச்சம் வராமல் கதவைச் சாத்தினாள். அன்றைக்கு மெழுகுவத்தி இல்லாமலே இருவரும் ஜெபமாலை சொன்னார்கள். இருட்டில் கோலி சக்கரம் சுற்றுகிற சத்தம் மட்டும். மகள் இல்லாத வீடு எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் தெரிந்தது.

கிறிஸ்மஸுக்கு நாலு வாரம் முன்னால் திருவருகைக் காலம் தொடங்கும்போது கோலியின் விலாவில் வெள்ளை கண்டது. ஒரு காலையில் தொட்டால் கல்லாகச் சில்லிட்டுக் கிடந்தது. போய்விட்டது என்று இன்னாசிமுத்து சுவரோடு சாய்ந்துவிட்டான். அன்னமேரி அதை முந்தானையில் சுற்றிக் கைக்குள் வைத்திருந்தாள். வெயில் ஏறியதும் மீசை அசைந்தது. தீனி மிச்சம் பிடிக்கக் குளிர்காலத்தில் உடம்பைக் கொஞ்ச நேரம் அணைத்துப்போட்டுக்கொள்ளும் வழக்கம் இந்த வகைக்கு உண்டாம். தெருவில் இருக்கிற மாட்டாஸ்பத்திரி டாக்டர் போனில் தேடிப் பார்த்துச் சொன்னார்.

கேக்குக்கு மாவு வாங்கிய வாரம் ப்ரீதா வீடியோவில் வந்தாள். பரீட்சை கிறிஸ்மஸோடு முட்டுகிறது, லீவு இல்லை, இனி ஜூன் மாதம்தான் என்றாள். 

"கோலி வெள்ளையாயிடுச்சாப்பா?"

கோலி அவன் உள்ளங்கையில்தான் இருந்தது. பஞ்சு மாதிரி வெள்ளை. முதுகுக் கோடு மட்டும் மிச்சம். இன்னாசிமுத்து போனைத் தன் முகத்துக்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டான்.

"இல்லடா பாப்பா. அப்படியேதான் இருக்குது, சாம்பலா."

"அது வெளுக்கல, அப்ப நான் பேச்சு மாறலப்பா," என்று சிரித்தாள். குரல் நனைந்திருந்தது. நீ நல்லாப் படி என்றான். அன்னமேரி புருஷனையே பார்த்தாள். கோலியை அவன் கையிலிருந்து வாங்கி, போனில் தெரியாமல் குனிந்துபோய்க் கூண்டில் விட்டாள்.

இந்த ஜீவனுக்கு ஆயுசே இரண்டு வருஷம், நன்றாகப் பார்த்துக்கொண்டால் இன்னும் கொஞ்சம். கோலி ஒன்றரையைத் தாண்டியாகிவிட்டது. இது அவனுக்கும் தெரியும்.

பொழுது இறங்கியது. இருட்டில் கொஞ்சம் உட்கார்ந்திருந்தவன் எழுந்துபோய் சுவிட்சைத் தட்டினான். டியூப்லைட் துடித்துப் பற்றிக்கொண்டது. அன்னமேரி சமையல்கட்டுக் கதவைத் திறந்து பார்த்தாள்.

"கோடை வரட்டும் மேரி," என்றான். "அவ வர்றப்ப, அவ விட்டுட்டுப் போன நெறத்துலயே இருக்கட்டும்."

கூண்டில் ஒரு சிட்டிகை ராகி போட்டான். கோலி வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்து, கன்னம் நிறைய அடைத்தது.