நான் அடித்துவிட்ட பாட்டு

குழந்தைகளுக்காக எழுதியிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு என் வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் குழந்தைகளைப் பிடிக்காது. கையெழுத்துப் பிரதியைப் பிரித்த உடனே அது தெரிந்துவிடும். பல் தேய், நகம் வெட்டு, பெரியவர் வந்தால் எழுந்து நில். பாட்டு முழுக்க ஒரு விரல் ஆடிக்கொண்டே இருக்கும். இதையெல்லாம் திருத்தி, படக்கதைகளுக்கு வரி எழுதி, சங்கரன்கோவிலில் இருந்துகொண்டே பிழைக்கிறேன். தறிச் சத்தம் நிற்காத தெரு. அந்தச் சத்தத்தில் பாட்டுக்கு அசை எண்ணப் பழகிவிட்டது. இந்த அறிவுரைப் பாட்டுகள்தான் இன்னும் பழகவில்லை. சில நாள் படித்து முடித்ததும் வாய் கொப்பளிக்கத் தோன்றும்.

ஒருநாள் வந்த அண்ணாச்சி ஒருவரை அப்படிப்பட்டவர் இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அரசு அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். திருவேங்கடம் பக்கம் கரிசல் நிலம் இருந்தது. அவர் கொண்டுவந்த தாள்கட்டுக்குள் வழக்கமான குப்பைகளுக்கு நடுவே ஒரு பாட்டு கிடந்தது.

ஆட்டுக்குட்டி மழையிலே
நனைஞ்சு போச்சு
அம்மா ஆடு மோந்து பாத்து
யாரு பிள்ளைன்னாச்சு!

படித்ததும் சிரித்துவிட்டேன். மழை, குட்டியின் வாசனையைக் கழுவிவிட்டது. தாய்க்கே அடையாளம் தெரியவில்லை. ஆட்டுக்கிடை போட்ட நிலத்தில் வளர்ந்தவர் அல்லவா, கண்ணால் பார்த்ததை எழுதியிருக்கிறார். இந்த ஒரு பாட்டுக்காகவே புத்தகத்தைத் திருத்தித் தர ஒப்புக்கொண்டேன்.

அடுத்த தாளில் இருந்தது இது.

கன்னங்கரிய சின்னப் பொண்ணு
கிட்ட வந்தா மூடு கண்ணு!

மீதிப் பாட்டில் அந்தப் பெண்ணுடன் யாரும் விளையாட மாட்டார்கள். சோப்புப் போட்டுக் குளிப்பாள். வெளுத்துவிடுவாள். எல்லோரும் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். மூலைக்கு மூலை கோடு போட்டு அதை அடித்தேன்.

“இது வேண்டாம் அண்ணாச்சி.”

“ஏம்மா? சுத்தத்தப் பத்தித்தான சொல்லுதேன்?”

“அழுக்கு வேற, நிறம் வேற அண்ணாச்சி. நம்ம ஊர்ப் பிள்ளைங்க என்ன நிறத்துல இருக்குன்னு பாக்கலையா?”

ஒரு நிமிடம் யோசித்தார். “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். நானும் நம்பினேன்.

பிறகு மாதக்கணக்காக அந்தப் பாட்டுகளோடு உட்கார்ந்தேன். அறிவுரைகளைக் கிள்ளி எறிந்தேன். ஆட்டுக்குட்டிக்கு இரண்டு பக்கம் ஒதுக்கச் சொன்னேன். ஈரக் குட்டியும் திகைத்த தாயும் தவிரப் படத்தில் வேறொன்றும் வேண்டாம் என்று ஓரத்தில் குறித்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டி வாங்கிக்கொண்டு போனார்.

புத்தகத்தை நான் முதலில் பார்த்தது வெளியீட்டு விழாவில்தான். ஒரு தனியார் பள்ளியின் மண்டபம். பின்னால் பிரியாணி வெந்துகொண்டிருந்தது. வந்திருந்த பெரியவர்களின் கவனமெல்லாம் அங்கே. என் கையில் ஒரு பிரதியைக் கொடுத்தார்கள். ஆட்டுக்குட்டியைத் தேடினேன். இல்லை. அதற்கு நான் ஒதுக்கிய இரண்டு பக்கங்களில் கன்னங்கரிய சின்னப் பொண்ணு இருந்தாள்.

படம் கம்ப்யூட்டரிடம் சொல்லி வரையவைத்தது. இடப்பக்கத்தில் தார் பூசியதுபோல் ஒரு பெண், முகத்தைச் சுற்றி ஈக்கள். வலப்பக்கத்தில் அதே பெண், சுண்ணாம்பு வெள்ளையாக, நீலக் கண்களோடு. ஒரு கையில் ஆறு விரல். அதைக்கூட யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. முதல் பக்கத்தில் பதிப்பாசிரியர் என்று என் பெயர். அதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டேன்.

அண்ணாச்சி பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார்.

“ஆட்டுக்குட்டி எங்க அண்ணாச்சி?”

“அதுல கருத்து ஒண்ணும் இல்லையேன்னு பள்ளிக்கூடத்துல சொன்னாவ. இதுன்னா பிள்ளைங்க ஆடுததுக்கும் தோதா இருக்கும்னாவ.”

ஆடத்தான் செய்தார்கள். மைக்கில் பாட்டு ஒலிக்க, மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மேடைக்கு வந்தாள். நல்ல கறுப்பு, துறுதுறுவென்ற கண்கள். அது போதாது என்று அவள் முகத்தில் கரியை வேறு அப்பியிருந்தார்கள். மற்றக் குழந்தைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகி ஓடினார்கள். மண்டபம் சிரித்தது. முன்வரிசையில் ஒருவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவள் ஒரு வெள்ளைத் துணிக்குப் பின்னால் போனாள். மறுபக்கத்திலிருந்து பவுடர் பூசிய வேறொரு சிறுமி வெளியே வந்தாள். கைதட்டல். கறுப்புச் சிறுமி துணிக்குப் பின்னாலேயே நின்றாள். அவளுடைய வேலை முடிந்துவிட்டது.

பொன்னாடை போர்த்த என்னைக் கூப்பிட்டார்கள். போனேன், ஆனால் ஆடையை வாங்கவில்லை. மைக்கைப் பிடித்தேன்.

“இந்தப் பாட்ட நான் அடிச்சிட்டேன். எனக்குத் தெரியாம சேத்திருக்காங்க. இந்தப் புத்தகத்துல எம்பேரு இருக்கக் கூடாது. ஒரு பிள்ள மூஞ்சில கரியப் பூசி இப்படிச் சிரிக்கோமே, நமக்கு அருவருப்பா இல்லையா?”

பேசியது போதாது என்று அப்போதே தெரிந்தது. தலைமையாசிரியை மைக்கை மெல்ல என் கையிலிருந்து எடுத்து, அடுத்து நன்றியுரை என்று அறிவித்தார். அண்ணாச்சி எழுந்திருக்கவில்லை. “பிள்ளைங்க வெளையாட்டும்மா. இதப் போயி பெருசாக்குதீங்களே” என்று மேடைக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

வாசலில் ஒரு பெண் என்னை மறித்தாள். கரி பூசிய சிறுமியின் அம்மா. எனக்கு அவள் ஆறுதல் சொல்லப்போகிறாள் என்று நினைத்த மடத்தனத்தை என்னவென்று சொல்ல.

“எம்பிள்ளைக்கு மொதத் தடவையா கை தட்டினாவக்கா. நீங்க எதுக்கு அங்கன போயி கெடுத்தீங்க? இனிமே அவள எதுலயும் சேக்க மாட்டாவ.”

“அவ மூஞ்சில கரியப் பூசினாங்களேம்மா.”

“பூசினா என்ன? கழுவினாப் போவுது. நீங்க பேசினது போவுமா?”

பிரியாணி வாசனை வாசல்வரை துரத்தி வந்தது. வீட்டுக்கு வந்து இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை.

என் பெயரை எடுக்கச் சொல்லி அண்ணாச்சியை விடாமல் கேட்டேன். கடைசியில் பெயரின்மேல் ஒரு வெள்ளை ஸ்டிக்கரை ஒட்டினார்கள். பாட்டு அப்படியே இருந்தது. சிவகிரி வரைக்கும் பள்ளிகளுக்கு அந்தப் புத்தகம் போனதாகக் கேள்விப்பட்டேன்.

சில மாதம் கழித்துப் பூச்சந்தையில் பிச்சிப்பூ வாங்கிக்கொண்டிருந்தபோது அந்தச் சிறுமி என்னை அடையாளம் கண்டுகொண்டாள். அம்மா எட்ட நின்று பூவுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

“நீங்க மைக்குல பேசினவங்கதான? ஆண்டுவிழாவுல மறுபடியும் அந்த டான்ஸுதான்.”

“நீ ஆடுதியா மக்கா?”

“ஆமா. இந்தத் தடவ குளிச்சுட்டு வெளிய வார பிள்ளையா நான் வாரேன்னு கேட்டேன். அது ஒனக்குச் சேராதுன்னுட்டாங்க டீச்சர்.”

கோபமாகச் சொல்லவில்லை. யூனிபாரம் சின்னதாகிவிட்டது என்பதைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

“அந்தப் பாட்டே தப்பு மக்கா. நீ குளிச்சாலும் குளிக்காட்டாலும் நல்லாத்தான் இருக்க.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பெரியவர்கள் இப்படி ஏதாவது சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. “ஏட்டி, யாருகிட்ட நின்னு பேசுத?” என்று அம்மா கூப்பிட, ஓடிவிட்டாள்.

அன்று முதல் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறேன். யார் பாட்டுக் கொண்டுவந்தாலும் முதலில் அவரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறேன், எந்தப் பிள்ளை முகத்துக்கு நேராக இதைப் பாடுவீர்கள் என்று கேட்டுவிட்டு. சிலர் பாதியில் நிறுத்துகிறார்கள். பலர் ராகம் போட்டு முழுவதும் பாடி முடித்து, எப்படி என்று என் முகத்தைப் பார்க்கிறார்கள்.