குமுதா ஏறிய வண்டி

ஆயுதபூஜைக்கு மறுநாள் காலை, மலேசியாவில் ரிங்லெட்டுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், ஏறி உட்கார்ந்து புல் வெட்டும் வண்டி பங்களாப் புல்வெளியின் நடுவில் நின்றுவிட்டது. பத்து நிமிடம்தான் ஓடியிருந்தது. அதன்பின் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை.

ஓட்டுபவர் குமுதா. வயது நாற்பத்தெட்டு. இருபத்தாறு வருடம் மலையில் கொழுந்து எடுத்து முழங்கால் தேய்ந்தவர். கணவர் இறந்து நாலு வருடம். போன வருடம் கிடைத்த இந்த வண்டிதான், உட்கார்ந்து செய்ய அவருக்கு வாய்த்த முதல் வேலை.

ஆட்களை மேய்க்கும் மண்டோர் நாகரத்தினம் வந்தார். வண்டியைப் பார்க்கவில்லை, குமுதாவைப் பார்த்தார்.

"பூஜை போட்ட வண்டி. எலுமிச்சம்பழத்த நசுக்கி எடுக்க விஜயன் வரட்டும்னு சொன்னேனா இல்லியா?"

"எட்டு மணி வரைக்கும் அவன் வரலியே அண்ணே."

"வரலன்னா? தாலி இல்லாத பொம்பள மொதல்ல ஏறுனா இப்படித்தான் லா. பதினோரு மணிக்கு மேனேஜர் வராரு. அதுக்குள்ள ஓடலன்னா வண்டி விஜயனுக்கு. நீ மலைக்குப் போ."

சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரும் தலையாட்டினார்கள். அதே தோட்டத்தில் மனைவியை இழந்த இரண்டு பேர் லாரி ஓட்டுகிறார்கள். எந்த லாரியும் அதற்காக நின்றதில்லை. இதை அங்கே யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

குமுதாவால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிரேக்கை அழுத்திப் பார்த்தார், பிளேடு விசையைத் தட்டிப் பார்த்தார், பேட்டரி கம்பிகளை இறுக்கினார். மணி பத்தேகால்.

தோட்டத்தில் வேலை பார்க்கும் இளைஞன் விஜயன் அப்போதுதான் வந்தான். "என்னக்கா, வண்டி காய்ச்சல்னு எம்சி லீவு எடுத்துடுச்சா?"

"எம்சி எடுக்க நீ இருக்கியே. ஸ்பானர எடு."

பிளக்கைக் கழற்றினார். பெட்ரோல் படாமல் காய்ந்து கிடந்தது. தொட்டிப் பக்கம் போனார். பெட்ரோல் முக்கால் தொட்டி இருந்தது. ஆனால் அடியிலிருக்கும் கண்ணாடி போன்ற வடிகட்டி கிட்டத்தட்ட காலி.

"எண்ணெ இருக்கு, எறங்க மாட்டேங்குது. ஏன்டா?"

"அடைப்பாயிருக்கும்."

தொட்டி மூடியைத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. வடிகட்டியில் பெட்ரோல் ஏறியது. குமுதா மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுவில் கட்டைவிரல் தடிமனுக்குச் சந்தனம், மேலே குங்குமம், காய்ந்து கல்லாயிருந்தது. சுரண்டினார். அடியில் ஊசித் துளை ஒன்று. பெட்ரோல் இறங்க இறங்க அந்தத் துளை வழியாகத்தான் தொட்டிக்குக் காற்றுப் போக வேண்டும்.

பொட்டு வைத்தவர் நாகரத்தினம். முந்தின நாள் வண்டியைக் கழுவித் துடைத்தது குமுதா. குமுதா சந்தனக் கிண்ணத்தை எடுத்தபோது, "நீ தள்ளி நில்லும்மா" என்றவரும் அவரே.

ரவிக்கையிலிருந்த ஊக்கை எடுத்துத் துளையைக் குத்தினார். பிளக்கை மாட்டினார். மூன்றாவது முறை சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

பதினொரு மணிக்கு மேனேஜர் தனராஜ் வந்தார். நாகரத்தினம் முந்திக்கொண்டார். "குளிரு, பாஸ். இப்ப ஓகே."

"குளிரு இல்ல சார்." குமுதா இறங்காமலே சொன்னார். மூடியை, சந்தனத்தை, தாலிப் பேச்சை, எல்லாவற்றையும் சொன்னார்.

"ஓடுதுல்லம்மா. விட்டுடுங்க."

"என்னாலதான் நின்னுச்சுன்னு அத்தன பேரு முன்னால சொன்னாரு சார். இதயும் அத்தன பேரு முன்னால சொல்லட்டும்."

தனராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாளைக்குப் பெரட்டுல சொல்லிடுங்க, மண்டோர்."

மறுநாள் விடிந்ததும் ஆட்கள் பெரட்டுக்கு, வேலை பிரிக்கும் களத்துக்கு, வந்து நின்றார்கள். நாகரத்தினம் பெயர்களைப் படித்துவிட்டு, குனிந்தபடி, "புல்லு வண்டி குமுதாவே ஓட்டும்" என்றார். அவ்வளவுதான். தாளை மடித்தார்.

"ஏன் நின்னுச்சுன்னு சொல்லலியே அண்ணே," என்றார் குமுதா. நாகரத்தினம் தாளைச் சட்டைப் பையில் செருகினார். யாரோ செருமினார்கள்.

குமுதா களத்தின் நடுவுக்கு வந்து, கூட்டத்தைப் பார்த்து, தானே சொல்லத் தொடங்கினார்.